சூரியச் சுழற்றி வாங்கலாமா? ஒரு சிற்றூர்க் கழிவுநீர்க் குட்டையின் கணக்கு

கேட்டவர் அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தில், ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றின் நகரமன்ற உறுப்பினர். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். ஊர்க் கழிவுநீர் மூன்று குட்டைகள் வழியாக ஓடித் தெளிந்து ஓடையில் சேர்கிறது. முதல் குட்டை 3 மீட்டர் ஆழம், கொள்ளளவு 10,000 கன மீட்டர். அதற்குக் கரைக் கொட்டகையில் இரண்டு 10 குதிரைத்திறன் ப்ளோயர்கள், அதாவது நீருக்குள் காற்றை ஊதும் இயந்திரங்கள், இரவு பகலாக ஓடுகின்றன. அடுத்த இரண்டும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஆளுக்கு ஒரு ஹெக்டேர் பரப்பு. அவற்றில் எந்த இயந்திரமும் இல்லை. இப்போது ஒரு விற்பனையாளர் வந்து, மிதந்தபடி சூரிய ஒளியில் ஓடும் நீர்ச்சுழற்றிகளைப் போட்டால் ப்ளோயர்களை நிறுத்திவிடலாம், நாற்றம் போகும், அமோனியா குறையும், அடிச்சேறும் கரையும் என்கிறார். நம்பலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் உங்கள் ஊர்ப் பணம் இருக்கிறது. சுழற்றி தண்ணீரை நகர்த்தும். ஆக்சிஜனை உற்பத்தி செய்யாது. இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தந்த விளம்பரத் தாளை மறுபடி படித்தால், எந்த வாக்குறுதி நிற்கும், எது விழும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதலில் குட்டையைப் பற்றிக் கொஞ்சம். இந்த முறைக்கும் உங்கள் மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1928இல் அங்குள்ள ஃபெசென்டன் என்ற ஊரில் கழிவுநீரை விட அருகில் ஆறு இல்லாததால், ஊருக்கு வெளியே இயற்கையாகக் கிடந்த ஒரு பள்ளத்தில் அப்படியே விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தண்ணீர் தானாகவே நன்றாகச் சுத்தமாகியிருந்தது. 1948இல் மேடாக் என்ற ஊரில் இதற்கென்றே கணக்குப் போட்டு ஒரு குட்டையை வெட்டினார்கள். அமெரிக்காவில் அப்படித் திட்டமிட்டு வெட்டிய முதல் குட்டை அதுதான் என்பார்கள். ஃபெசென்டன் பள்ளத்தில் நடந்ததுதான் உங்கள் இரண்டாவது, மூன்றாவது குட்டைகளிலும் நடக்கிறது. பாக்டீரியா கழிவைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. பாசி அந்த வாயுவையும் வெயிலையும் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. சம்பளம் கேட்காத இரண்டு வேலைக்காரர்கள்.

ஆனால் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல். விறகடுப்பில் வெந்நீர் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அண்டாவின் மேல் தண்ணீர் கையைச் சுடும், ஒரு செம்பு விட்டுக் கலக்கினால்தான் அடியில் இருந்த குளிர்ச்சி தெரியும். காற்றில்லாத கோடை நாளில் குட்டையும் அப்படித்தான். வெயில் பட்ட மேல்நீர் லேசாகி மேலேயே மிதக்கிறது. பாசி அங்கே பெருகிப் பிற்பகலில் தேவைக்கு மீறி ஆக்சிஜனை நிரப்புகிறது. மிஞ்சியது குமிழாகக் காற்றில் போய்விடுகிறது. அரை மீட்டர் கீழே பாக்டீரியா மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. மேலே வீண், கீழே பஞ்சம். இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கத் தொடங்க, விடியற்காலையில் மேல்நீரிலும் ஒன்றும் மிஞ்சாது.

சுழற்றி செய்வது அந்தச் செம்பின் வேலை. மூன்று மிதவைகள், மேலே சில சூரியத் தகடுகள், நடுவில் மெதுவாகச் சுற்றும் ஓர் அகன்ற இலைச்சக்கரம், அதிலிருந்து கீழே தொங்கும் தடித்த குழாய். குழாயின் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கிருந்து நீரை இழுத்து மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். சோலார்பீ என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட இயந்திரம் உங்கள் மாநிலத்து டிக்கின்சன் நகரில் பிறந்தது. அதன் பெரிய வகை நிமிடத்துக்கு 10,000 கேலன் நகர்த்தும் என்று சொல்லப்பட்டது. அதில் குழாய் வழியாக நேரடியாக ஏறுவது சுமார் 3,000 கேலன்; மற்றது அந்த ஓட்டம் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரும் நீர். எந்த விற்பனைத் தாளிலும் இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். நான் கணக்குக்கு எப்போதும் சிறிய எண்ணைத்தான் எடுப்பேன்.

ஒரு சில சூரியத் தகடுகள் இவ்வளவு நீரை எப்படி நகர்த்த முடியும் என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. முடியும். 3,000 கேலன் என்றால் நொடிக்கு 190 லிட்டர். அதை 3 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்றவேண்டுமானால் ஐந்தரைக் கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். இங்கே யாரும் ஏற்றவில்லை. நீருக்குள்ளேயே இருக்கும் நீரை, இரண்டு சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைத் தாண்ட வைத்தால் போதும். அதற்கு 40 வாட்கூட வேண்டாம். இலைச்சக்கரம், மோட்டார் இழப்புகளைச் சேர்த்தாலும் தகடுகள் தாங்கும். இதில் மோசடி ஏதும் இல்லை, நல்ல பொறியியல்தான்.

இனி ப்ளோயர் கணக்கு. இதைத்தான் விற்பனையாளர் உங்களுக்குக் காட்டியிருக்கமாட்டார்.

ஒரு ஆள் ஒரு நாளில் கழிவுநீரில் சேர்க்கும் பி.ஓ.டி., அதாவது பாக்டீரியா தின்று முடிக்க ஆக்சிஜன் கேட்கும் சுமை, அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 77 கிராம். ஆயிரம் பேருக்கு 77 கிலோ. அதைத் தீர்க்க ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 115 கிலோ ஆக்சிஜன். அமோனியாவையும் நைட்ரேட்டாக மாற்றவேண்டுமானால் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் 4.57 கிலோ ஆக்சிஜன் தனியாக வேண்டும். ஆளுக்கு 12 கிராம் நைட்ரஜன் என்று கொண்டால் இன்னொரு 55 கிலோ. மொத்தம் நாளுக்கு 170 கிலோ.

உங்கள் இரண்டு ப்ளோயர்களும் சேர்ந்து நாளுக்கு 358 யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. களத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் தண்ணீரில் கரைகிறது என்று மிதமாக வைத்தாலும் 350 கிலோ கிடைக்கிறது. தேவையைப்போல் இரண்டு மடங்கு. அப்படியானால் ஏன் இரண்டும் ஓடுகின்றன? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும் பதில்: 'ஒன்றை நிறுத்தினால் அந்தப் பக்கம் செத்துப்போகிறது.' அதாவது இரண்டாவது ப்ளோயர் ஆக்சிஜனுக்காக ஓடவில்லை, கலக்குவதற்காக ஓடுகிறது. காற்றுக்குமிழியை வைத்துக் கலக்குவது விலை உயர்ந்த கலக்கல். உங்கள் குட்டையில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை வாட்தான் விழுகிறது. எல்லாவற்றையும் மிதக்கவைத்து முழுதாகக் கலக்க அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும். ஆக இரண்டு ஓடியும் முழுக் கலக்கல் கிடைக்கவில்லை, ஒன்றின் வேலை வீண்.

இங்கேதான் சுழற்றிக்கு இடம் இருக்கிறது. ஒரு ப்ளோயர் ஓடட்டும். அது கரைத்த ஆக்சிஜனைக் குட்டை முழுவதும் கொண்டுசெல்ல ஒரு சுழற்றி உதவட்டும். மற்ற ப்ளோயரை நிறுத்தலாம். யூனிட் 10 சென்ட் என்றால் ஆண்டுக்கு 6,500 டாலர் மிச்சம். ஆனால் நிறுத்திய ப்ளோயரை விற்றுவிடாதீர்கள். ஓடுவது ஜனவரி இரவில் மக்கர் செய்யும்போது அதுதான் உங்கள் மானத்தைக் காக்கும்.

இரண்டையும் நிறுத்தினால்? முதல் குட்டையின் பரப்பு ஒரு ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல கோடையில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 10 கிராம் பாசி வளரும் என்று தாராளமாக வைத்தால் 33 கிலோ பாசி. ஒரு கிலோ பாசி வளரும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் வரும். ஆக 50 கிலோ. தேவை 115, நைட்ரஜனைச் சேர்த்தால் 170. எவ்வளவு அழகாகச் சுழற்றினாலும் இல்லாத ஆக்சிஜனைப் பகிர முடியாது. வெறும் பாத்திரத்தில் கரண்டியை விட்டுச் சுழற்றுவதுபோல்தான். நான் பார்த்த ஓர் ஊரில் இதைத்தான் செய்தார்கள். முதல் மூன்று வாரம் மின்கட்டணத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். நான்காவது வாரம் குட்டை ரோஸ் நிறமானது. அந்த நிறம் ஊதாக் கந்தக பாக்டீரியாவின் நிறம். ஆக்சிஜன் தீர்ந்து கந்தக வாயு கிளம்பும் குட்டையில்தான் அது கொடி நாட்டும். சொல்லப்போனால் அது அந்த வாயுவைத் தின்று நாற்றத்தைக் குறைக்கிற நல்ல ஜீவன்தான். ஆனால் அது வந்திருக்கிறது என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

இரண்டாவது, மூன்றாவது குட்டைகளில் நிலைமை வேறு. பரப்பு தாராளம், சுமை குறைவு, பாசி தரும் ஆக்சிஜன் வேண்டிய அளவு. குறை கலக்கலில் மட்டும்தான். நேரடி ஓட்டத்தை மட்டும் எடுத்தாலும் ஒரு பெரிய சுழற்றி நாளுக்கு 16,000 கன மீட்டர் நகர்த்தும். உங்கள் இரண்டாவது குட்டையின் கொள்ளளவு 15,000. அதாவது நாளுக்கு ஒரு முறை குட்டை முழுவதும் புரண்டுவிடும். என்னைக் கேட்டால் முதல் சுழற்றியை அங்கேதான் மிதக்கவிடுவேன். ஒன்று நினைவிருக்கட்டும்: உங்கள் சமவெளியில் வீசும் காற்றே பெரிய கலக்கி. காற்றடிக்கும் நாட்களில் சுழற்றியால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதன் அருமை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இலை அசையாத நாட்களிலும் இரவுகளிலும்தான். அதனால் மின்கலத்தோடு இரவிலும் ஓடும் வகையைத்தான் வாங்கவேண்டும். வெயிலில் மட்டும் ஓடுவது, தேவையில்லாத நேரத்தில் உழைத்துத் தேவைப்படும் நேரத்தில் தூங்கும்.

நீர் குறுக்கு வழியில் ஓடிவிடுவது இன்னொரு நோய். காகிதத்தில் உங்கள் மூன்று குட்டைகளும் சேர்ந்து 40,000 கன மீட்டர். ஊர் நாளுக்கு 300 கன மீட்டர் அனுப்புகிறது. ஆக 130 நாள் தங்கவேண்டும். உண்மையில் வரும் வாயும் போகும் வாயும் ஒரே காற்றுத் திசையில் இருந்தால், ஒரு பகுதி நீர் சில நாட்களிலேயே வெளியே போய்விடும். மூலைகள் வெறுமனே கிடக்கும். சுழற்றி அந்த மூலைகளை வேலைக்கு இழுக்கும் என்பது உண்மை. ஆனால் குட்டைக்குக் குறுக்கே தொங்கவிடும் ஒரு தடுப்புத் திரை இதே நோய்க்கு மலிவான மருந்து, அதற்கு மோட்டாரும் கிடையாது. விற்பனையாளர்கள் திரையைப் பற்றிப் பேசுவதில்லை. சுழற்றியை வெளிவாய்க்கு அருகில் வைத்தால், பாதி சுத்தமான நீரை அதுவே வாசல்வரை கொண்டுவந்து விடும் அபாயமும் உண்டு. இடம் முக்கியம்.

நாற்றம் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி, ஒரு நிபந்தனையோடு. குட்டையின் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் சேறு செரித்துக்கொண்டிருக்கும். அது அப்படித்தான் இருக்கவேண்டும். அங்கிருந்து வரும் கந்தக வாயுவை மேலே உள்ள ஆக்சிஜன் நீர் ஒரு மூடிபோல் தடுத்துச் செரித்துவிடுகிறது. சுழற்றி அந்த மூடியை உறுதியாக்கும், குழாயின் வாய் சேற்றுக்கு மேலே போதிய இடைவெளி விட்டு இருந்தால். ஆழமாக இறக்கினால் அடியில் இருப்பதையெல்லாம் இழுத்து மேலே பரப்பிவிடும். குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பவர்களைப் பற்றி நம் மொழியில் பழமொழி உண்டு. இங்கே மீனும் கிடைக்காது, ஊர்க்காரர்களின் தொலைபேசி அழைப்புதான் கிடைக்கும். உங்கள் ஒன்றரை மீட்டர்க் குட்டையில் முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கீழே குழாயை இறக்க நான் சம்மதிக்கமாட்டேன். பனிக்கட்டி உருகும் ஏப்ரல் மாதத்தில் எல்லாக் குட்டையும் புரண்டு நாறும். அதைச் சுழற்றி சில நாள் குறைக்கலாம், ஒழிக்காது.

அமோனியாதான் இந்த விவகாரத்தில் கடினமான பகுதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013இல் நன்னீர் உயிர்களுக்கான அமோனியா வரையறையைக் கடுமையாக்கியது; ஆற்றுச் சிப்பிகள் நாம் நினைத்ததைவிட மென்மையானவை என்று தெரிந்ததுதான் காரணம். கார அமிலத்தன்மை எண் (pH) 7, வெப்பம் 20 டிகிரி என்ற நிலையில் நீடித்த தாக்கத்துக்கான எல்லை லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். மாநிலங்கள் இதை ஒவ்வொன்றாக, கழிவுநீரை வெளியே விட ஊர்களுக்குத் தரும் உரிமங்களில் கொண்டுவருகின்றன. கோடையில் உங்கள் குட்டைகள் இதை ஓரளவு சமாளிக்கும். பாசியும் அமோனியாவை உண்ணும், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் வேலை செய்யும். டிசம்பரில்? உங்கள் ஊரில் அப்போது நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தகட்டின்மேல் பனி, நீரின்மேல் பனிக்கட்டி, பாசிக்கு வெளிச்சமில்லை. 5 டிகிரிக்குக் கீழே நைட்ரேட் பாக்டீரியா ஏறக்குறைய உறங்கிவிடும். உறங்குபவரைச் சுழற்றி எழுப்ப முடியாது. அவை ஒட்டி வளர மேற்பரப்பு கொடுத்து, காற்றையும் கொடுத்தால் குளிரிலும் கொஞ்சம் வேலை வாங்கலாம்: கற்படுக்கைக்குள் காற்றூதும் முறைகள் இருக்கின்றன, யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 'பூ-குளூ' என்ற விளையாட்டுப் பெயர் பெற்ற, எஸ்கிமோ வீடு போன்ற நீரடிக் குவிமாடங்கள் இருக்கின்றன. இல்லையெனில் குளிர்காலம் முழுவதும் நீரைத் தேக்கிவைத்து வசந்தத்தில் விடும் பழைய வழி. உங்கள் உரிமத்தில் குளிர்கால அமோனியா எல்லை இருந்தால், சுழற்றிக்குப் போகும் பணம் அந்தப் பிரச்சினையை ஒரு அங்குலமும் நகர்த்தாது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். மூன்றாவது குட்டையில் பாசி செழித்தால் வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் கூடும். சோதனைக்கூடம் அதைக் கழிவா பாசியா என்று பிரித்துப் பார்க்காது. குட்டைகளுக்கு உரிமங்களில் சலுகை உண்டு: சாதாரண நிலையங்களுக்கு மாத சராசரி லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால், குட்டைகளுக்கு பி.ஓ.டி. 45வரை அனுமதிக்கப்படலாம், திடப்பொருளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் இன்னும் தளர்வு. அந்தத் தளர்வுக்குள் நீங்கள் இப்போது நூலிழையில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். சுழற்சி நீலப்பச்சைப் பாசியையும் பச்சைப்போர்வை போர்த்தும் வாத்துப்பாசியையும் ஓரளவு அடக்கும், தேங்கிய நீர்தான் அவற்றுக்குப் பிடித்தது என்பதால். அதற்குப் பதிலாகச் சாதாரணப் பச்சைப்பாசி கூடலாம். நான் கடைசிக் குட்டையை அமைதியாக விட்டுவிடுவேன்.

சேறு கரையும் என்பதை நம்பாதீர்கள். மணலும் பிளாஸ்டிக்கும் சாம்பலும் எந்தச் சுழற்சிக்கும் கரையாது. முதல் குட்டையில் ஒரு மீட்டர் சேறு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக் குட்டையை ஏற்கெனவே இழந்துவிட்டீர்கள். எந்த இயந்திரம் வாங்குவதற்கும் முன்னால் தூர்வாருவதுதான் செலவு செய்யத் தகுந்த வேலை.

பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதற்கு நார்த் கரோலினாவின் ஜோர்டன் ஏரி ஒரு பாடம். அது கழிவுநீர்க் குட்டை அல்ல. ஏறத்தாழ 14,000 ஏக்கர் நீர்த்தேக்கம். மேலே உள்ள ஊர்களிலிருந்து வரும் சத்துக் கழிவைக் கட்டுப்படுத்தும் விதிகளை மாநில சட்டமன்றம் தள்ளிவைத்துவிட்டு, 2014இல் 36 சூரியச் சுழற்றிகளைச் சோதனையாக ஏரியில் விட்டது. 2016இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை நீர்த்தரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று சொல்லி நிறுத்தியது. இயந்திரம் பழுது என்பதால் அல்ல. ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுழற்றி எடுக்கப்போவதில்லை. அந்தப் பரப்புக்கு 36 என்ற எண்ணும் எம்மாத்திரம்? ஒரு ஹெக்டேர்க் குட்டையில் நன்றாக வேலை செய்வதை ஏரியிடம் எதிர்பார்த்தார்கள். உங்களிடம் அவர் எதிர்பார்க்கச் சொல்வதும் கொஞ்சம் அதே ரகம்தான்.

ஆகவே நகரமன்றம் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று வேலை. ஒன்று, காற்றில்லாத ஒரு ஜூலை வாரத்தில் சூரியன் எழுந்தவுடன் படகில் போய், மூன்று குட்டைகளிலும் அரை மீட்டருக்கு ஒருமுறை கரைந்த ஆக்சிஜனையும் வெப்பத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதே இடங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும். விற்பனையாளர்கள் அளக்க விரும்பும் நேரம் பிற்பகல். குட்டை உண்மை பேசும் நேரம் விடியற்காலை. பிற்பகலில் மேலே ஆக்சிஜன் பொங்கிக் கீழே பூஜ்யமாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது கலக்கல். எல்லா ஆழத்திலும் எல்லா நேரமும் பூஜ்யம் என்றால் வேண்டியது காற்று. அந்த இரண்டாவது நிலையில் சுழற்றி வாங்கவே வேண்டாம். இரண்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றின் தடிமனைப் பல இடங்களில் அளந்து படம் வரையுங்கள். மூன்று, கையில் காசிருந்தால் சாயம் கலந்து விட்டு எத்தனை நாளில் வெளியே வருகிறது என்று பாருங்கள்.

இவை சாதகமாக வந்தால் ஒரே ஒரு இயந்திரத்தை ஒரு கோடைக்கு வாடகைக்குக் கேளுங்கள். இரண்டாவது குட்டையில் அதை மிதக்கவிட்டு, மூன்றாவதை ஒப்பிட அப்படியே வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் 'நீர்த்தரம் மேம்படும்' என்ற சொற்றொடர் இருந்தால் அடித்துவிட்டு, இந்த மாதங்களில், விடியற்காலையில், இந்த ஆழத்தில் ஆக்சிஜன் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்குக் குறையாது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே ஒரு பதில். கழிவறையில் போடலாம் என்று விற்கப்படும் ஈரத்துடைப்பான்கள் இலைச்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நங்கூரக் கயிறு தளர்ந்தால் இயந்திரம் கரையில் போய் மோதும். தகட்டின்மேல் வாத்துகள் குடித்தனம் நடத்தும். வாரம் ஒருமுறை படகில் போய் இதையெல்லாம் பார்க்க உங்கள் ஒரே நீர்ப்பணியாளருக்கு நேரம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். விற்பனைக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருக்கமாட்டார்கள்.